பிளஸ் டூவுக்குப் பிறகு சேலத்தில் உயிரியல்: பாடம் தேர்வதிலிருந்து முதல் செமஸ்டர் வரை

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். வாழப்பாடியிலிருந்து வருவார்கள், ஓமலூரிலிருந்து வருவார்கள், ஏற்காட்டிலிருந்து காலை பஸ் பிடித்து இறங்கியும் வருவார்கள். கேள்வி ஒன்றுதான். "டாக்டர் சீட்டு கிடைக்காது போலிருக்கு. பயாலஜி எடுத்த பிள்ளை இனி என்ன படிக்கிறது?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான்தான். தாவரவியல் படித்தேன். பாடம் என்றால் என்ன, பட்டத்தின் பெயர் எதற்கு முக்கியம், எந்தச் சான்றிதழை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. சிலவற்றைத் தவறவிட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் எது, கல்லூரி எது

"பெரியார் யுனிவர்சிட்டியில் பி.எஸ்சி. சேர வேண்டும்" என்று வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் விளக்குவேன். பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் கருப்பூரில் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள் நடப்பது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும். இளநிலைப் பட்டத்துக்கு நீங்கள் உட்கார்ந்து படிக்கப்போவது அதனோடு இணைந்த ஒரு கல்லூரியில். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

கல்லூரிகளிலும் இரண்டு வகை. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொண்டு, தேர்வையும் தானே நடத்தும். மற்ற கல்லூரிகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். செரி ரோட்டில் உள்ள அரசு கலைக் கல்லூரி 1857இல் தொடங்கியது, தன்னாட்சி பெற்றது. பெண்களுக்கென்று தனியாக அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு உதவிபெறும் கல்லூரிகளும், சுயநிதிக் கல்லூரிகளும் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. முதலில் அரசுக் கல்லூரி, அடுத்து உதவிபெறும் கல்லூரி, அப்புறம்தான் சுயநிதி. பணத்துக்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்கள் பல வருடமாக அதே துறையில் இருப்பார்கள். உங்கள் மூன்று வருடமும் ஒரே ஆசிரியரிடம் கேள்வி கேட்க முடிவது பெரிய விஷயம்.

எந்தப் பாடம்? குச்சிக்கிழங்கை வைத்துப் பாருங்கள்

தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பவியல். இந்த ஐந்தில் எது என்று குழம்புகிறவர்களுக்கு நான் பாடத்திட்டத்தை எடுத்துக் காட்டுவதில்லை. நம் ஊர் வயலில் நிற்கும் குச்சிக்கிழங்கைக் காட்டுவேன். மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள்.

அந்தச் செடியே உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தால் தாவரவியல். விதை போடாமல் குச்சியை நட்டே பயிராவது எப்படி, நாம் கிழங்கு என்று பிடுங்குவது தண்டா வேரா (வேர்தான்), ஆமணக்கும் இதுவும் ஏன் ஒரே குடும்பம் என்று கேட்கிற படிப்பு அது. செடியை வெட்டி, மெல்லிய சீவல் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதில் பொறுமை வேண்டும்.

அந்தச் செடியின் இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருக்கும் பூச்சி மேல் கண் போனால் விலங்கியல். 2020இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு மாவுப்பூச்சி, அடுத்தடுத்து சேலம், நாமக்கல் வயல்களுக்குள் வந்து குச்சிக்கிழங்கின் குருத்தையே சுருட்டிப் போட்டது. மருந்தடித்துப் பார்த்தும் சரியாக அடங்கவில்லை. கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து வயலில் விட ஆரம்பித்தார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். எந்தப் பூச்சியை எந்தப் பூச்சி தின்னும், கொண்டுவந்த பூச்சி வேறு எதையாவது கெடுக்குமா என்று பார்ப்பதெல்லாம் விலங்கியல் படித்தவர்கள் இறங்கும் வேலை. விலங்கியல் என்றால் புலி, யானை என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். பாதிக்கு மேல் முதுகெலும்பில்லாத உயிர்கள்தான். "தவளையை அறுக்கணுமா?" என்று பயப்படுகிறவர்களுக்கு: பல்கலைக்கழக மானியக் குழு 2014இலேயே விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையை நிறுத்தச் சொல்லிவிட்டது. படம், மாதிரி, கணினி வழியில்தான் கற்றுத்தருகிறார்கள்.

குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி பக்கம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமே, அந்தப் புளித்த வாடை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நுண்ணுயிரியல். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவுச்சத்தைத் தின்று செய்யும் வேலை அது. அதே கழிவுநீரை மூடிய தொட்டியில் வைத்து, அதே கிருமிகளை வைத்து எரிவாயு எடுத்து ஆலையை ஓட்டவும் செய்கிறார்கள். ஆஸ்பத்திரி லேப், ஆவின் பால் பரிசோதனை, நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவன லேப் என்று உள்ளூரிலேயே வேலை தேடக்கூடிய பாடம் இது. கையில் சுத்தம் வேண்டும், ஒரே வேலையைத் தவறாமல் நூறு முறை செய்யும் மனசு வேண்டும்.

குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்த ஆடு செத்துப்போனதைப் பார்த்திருப்பீர்கள். இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கடித்து நசுக்கியதும் ஒரு நொதி அதை உடைக்க, சயனைடு வெளியேறுகிறது. நாம் வேகவைத்துத் தின்று பிழைக்கிறோம். இந்தக் கணக்கு பிடித்தால் உயிர்வேதியியல். ஆனால் ஒன்று, வேதியியலைக் கண்டு ஓடுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பெயரில் உயிர் முதலில் இருந்தாலும் தினமும் கையாள்வது வேதியியலைத்தான்.

உயிரித் தொழில்நுட்பவியல்: குச்சியை நட்டே பயிர் செய்வதால், தாய்ச் செடியில் தேமல் நோய் வைரஸ் இருந்தால் குச்சி வழியாக அது அடுத்த வருடமும் வரும். நுனிக்குருத்தில் இருந்து துளி திசுவை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, வைரஸ் இல்லாத கன்றாக்கித் தரலாம். இது அந்தப் படிப்பின் ஒரு முகம். மரபணு வேலையெல்லாம் இன்னொரு முகம். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும் பெயர் இது. அதனால்தான் எச்சரிக்கையும் இதற்கே அதிகம் தேவை. நல்ல லேப் இல்லாத கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் படிப்பது, ஆறே இல்லாத ஊரில் நீச்சல் படிப்பது மாதிரி. அதோடு இந்தப் பாடத்துக்கு எம்.எஸ்சி. கட்டாயம் என்று நினைத்துக்கொண்டே சேருங்கள்.

எதைப் பார்க்கும்போது உங்கள் கண் நிற்கிறதோ அதை எடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்ததையும், தோழி எடுத்ததையும் எடுக்காதீர்கள்.

பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் யாருமே இதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக வேண்டும் என்று ஆசையா? தாவரவியல், விலங்கியல் என்ற பெயர் நேராகச் செல்லும். வேறு பெயருள்ள உயிரியல் பட்டம் என்றால், அது தாவரவியலுக்கோ விலங்கியலுக்கோ சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இணைத்தன்மை என்று பெயர். சேரும் முன்பே கல்லூரியில் கேட்டு, அரசாணை எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "இருக்கு, இருக்கு" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

காட்டிலாகா மேல் ஆசையா? மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் பெயர் சொல்லியே இருக்கின்றன. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பவியல் என்ற பெயர்கள் அதில் இல்லை. பதினேழு வயதில் எடுக்கும் ஒரு முடிவு இருபத்து மூன்று வயதில் வாசலில் நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, பயிற்று மொழி. தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் வந்தவர் என்றால், தமிழ் வழி பி.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஆராய்ச்சி, வெளிமாநிலம் என்று கனவு இருந்தால் ஆங்கில வழி. இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் ஒன்றை இழந்துவிடக் கூடாது.

பக்கத்தில் இருக்கும் வேறு கதவுகள்

வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டுவளர்ப்பு ஆகிய பட்டங்களுக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. கால்நடை மருத்துவத்துக்குத் தனி விண்ணப்பம். மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். நாமக்கல்லிலும், நம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவற்றிலெல்லாம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நீட் பயத்தில் இந்த விண்ணப்பங்களையே போடாமல் விட்டவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆராய்ச்சியில் நிஜமான பிடிப்பு இருந்தால், மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. இவற்றுக்கெல்லாம் பிளஸ் டூ தேர்வு முடிவதற்கு முன்போ பின்போ உடனடியாக விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். பிளஸ் டூ படிக்கும் ஜனவரியிலிருந்தே அந்தந்த இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

விண்ணப்பம்

அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. பிளஸ் டூ முடிவை ஒட்டி மே மாதத்தில் திறக்கும். கடந்த சில ஆண்டுகளாகக் கட்டணம் பதிவுக்கு 2 ரூபாயும் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். செல்போன் இல்லாதவர்கள் கல்லூரியிலேயே இருக்கும் உதவி மையத்துக்குப் போகலாம், கூட்டமிருந்தாலும் பொறுமையாகச் செய்து கொடுக்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ. ஒவ்வொன்றும் மூன்று ஜெராக்ஸ். வருமானச் சான்றிதழ் உதவித்தொகைக்கு வேண்டும். மாணவரின் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லை என்றால் இன்றைக்கே தொடங்குங்கள். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா, முன்னெழுத்து ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆகஸ்டில் பணம் வராமல் அலைகிற பிள்ளைகள் பலருக்கு இதுதான் காரணம்.

ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடக்கும், நாள் ஆகும். பிளஸ் டூ சேர்ந்த கையோடு மனுப் போட்டுவிடுங்கள். பழங்குடியினருக்கான அந்த 1 சதவீத இடம் உங்களுக்கு உரியது, ஒரு காகிதம் வராததால் அது போகக் கூடாது.

அடுத்தது தரவரிசைப் பட்டியல். உயிரியல் பாடங்களுக்கு, மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குக் கணக்கு. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு முதலில் கலந்தாய்வு. அப்புறம் வரிசைப்படி. அழைப்பு செல்போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். கல்லூரி அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்று உடனே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டிவிடாதீர்கள். மருத்துவம், வேளாண்மை, கால்நடைப் படிப்புகளில் இடம் கிடைத்தவர்கள் பிறகு கிளம்பிப் போவார்கள். மற்ற பாடங்களைவிட உயிரியல் துறைகளில் இந்தக் காலி இடம் அதிகம் விழும்.

சேரும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

கல்லூரி வாசலில் இருக்கும் பேனரைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். துறைக்குள் போய், லேப்பைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மைக்ராஸ்கோப் மேல் தூசியா, விரல் தடமா என்று பாருங்கள். விரல் தடம் இருந்தால் நல்லது, யாரோ பயன்படுத்துகிறார்கள். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், ஆளுக்கு ஒரு மைக்ராஸ்கோப்பா, நாலு பேருக்கு ஒன்றா? உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியம் இருக்கிறதா? மூன்றாம் வருடம் புராஜெக்ட் சொந்தமாகச் செய்கிறார்களா, கடையில் வாங்குகிறார்களா? கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்காதீர்கள், சீனியரிடம் கேளுங்கள்.

என் சித்தப்பா மகள் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வாரமே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுத்து, முழு வருடக் கட்டணத்தையும் கேட்டார்கள். ஒன்பது நாள் நடந்தோம். அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்திருக்கிறது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். எங்கே சேர்ந்தாலும் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள்.

பணம்

அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு. செலவு அதிகம் ஆவது பஸ், சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு, லேப் கோட் போன்றவற்றுக்குத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மத்திய அரசு உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இது மாதத் திட்டத்தோடு சேர்ந்தே கிடைக்கும்.

ஜூன் மாதத்து இரண்டு வாரமும், முதல் செமஸ்டரும்

தமிழ் வழியில் படித்து ஆங்கில வழியில் சேர்கிறவர்கள், கல்லூரி திறக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிளஸ் டூ தாவரவியல், விலங்கியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர் மட்டும்தான் புதிது. ஒளிச்சேர்க்கைக்கு நேராக ஃபோட்டோசிந்தசிஸ், நொதிக்கு நேராக என்சைம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இருநூறு சொல் சேர்ந்ததும் வகுப்பில் பயம் போய்விடும். இதைச் செய்துவிட்டு வந்து நன்றி சொன்ன பிள்ளைகள் பலர்.

கல்லூரியில் ஆறு செமஸ்டர். தமிழும் ஆங்கிலமும் முதல் இரண்டு வருடமும் இருக்கும். "சயின்ஸ் எடுத்துட்டு இது எதுக்கு" என்று விட்டுவிட்டால் அரியர் விழுவது அங்கேதான். முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடம் ஒன்று வரும், பெரும்பாலும் வேதியியல். உள்மதிப்பெண் 25 என்பது உள்தேர்வும் வருகைப் பதிவும் அசைன்மென்ட்டும் சேர்ந்தது, அதைச் சும்மா விடாதீர்கள். ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே வரைந்துவிடுங்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை வரையுங்கள், புத்தகத்தில் இருப்பதை அல்ல.

இரண்டாம் வருடம் வந்ததும், இந்திய அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் உட்காரலாம். நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து இதற்குப் போடுகிறவர்கள் மிகக் குறைவு, போடாததால் மட்டுமே கிடைக்காமல் போகிறது.

தலைக்கு மேலே ஒரு மலை

சேலத்தில் உயிரியல் படிப்பதில் மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால், வெயில் ஊரிலிருந்து வேறு உலகத்துக்குள் போய்விடுகிறோம். அடிவாரத்தின் புதர்க்காடு, நடுவில் மூங்கில், மேலே காப்பித் தோட்டம். உயரத்துக்கேற்ப செடி மாறுவதைப் பாடத்தில் படிப்பீர்கள், இங்கே பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தெரிகிற மரத்தை எழுதிப் பாருங்கள்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, 1963இல் தொடங்கியது. பூச்சி தின்னும் குடுவைத் தாவரத்தையும் அங்கே பார்க்கலாம். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரம் இங்கே உண்டு. பாறை இடுக்கில் ஓடும் ஒரு சின்னப் பல்லிக்கு 2000இல் அறிவியல் பெயர் வைத்தபோது நீமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று நம் ஊர் பெயரையே வைத்தார்கள். அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. விலங்கியல் மாணவர்கள் ஒரே கூண்டின் முன் ஒரு மணி நேரம் நின்று, மான் என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துப் பாருங்கள். விலங்கு நடத்தையியலின் முதல் பயிற்சி அதுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் செடியோ பூச்சியோ எடுக்கக் கூடாது. துறை வழியாகக் கடிதம் கொடுத்தால் அனுமதி வாங்கலாம். அதுவரை சாலையோரத்து உண்ணிச்செடியும் வீட்டுக் கொல்லையும் போதும். ஹெர்பேரியம் தாள் சுமார் 42 சென்டிமீட்டர் நீளம், 29 அகலம். பழைய செய்தித்தாளுக்குள் செடியை விரித்து வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் மாற்றாமல் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பிடித்துவிட்டால் அதையும் தூக்கிப் போடாதீர்கள், நுண்ணுயிரியல் படிக்கும் நண்பரிடம் கொடுங்கள்.